பிசிஜி ஏற்றிய பிறகு மூத்திரப்பைத் தொல்லைகளைச் சமாளிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூத்திரப்பையில் இருந்த புற்றுநோய்க் கட்டியைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது. திரும்ப வராமல் இருக்க டியூப் வழியாக பிசிஜி என்ற மருந்தை மூத்திரப்பைக்குள் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வழிகாட்டி அப்படிப்பட்டவர்களுக்கும் அவர்களோடு வீட்டில் இருப்பவர்களுக்கும். கையில் ட்ரிப் போட்டு ஏற்றும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் வேறு வகை. அவற்றின் பக்கவிளைவுகளும் வேறு. இதை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

நான் டாக்டர் இல்லை, யூராலஜி டே கேரில் இந்த மருந்தை ஏற்றும் நர்ஸ். கீழே சில மாத்திரைகளின் பெயர் வரும். டாக்டரிடம் கேட்கும்போது எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவற்றைச் சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தொல்லை வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் வரும். ஐரோப்பாவில் 1,355 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில் பத்தில் ஏழு பேருக்கு ஏதாவது ஒரு பக்கவிளைவு வந்தது. ஆனால் அதன் காரணமாக மருந்தையே நிறுத்தியவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். மற்றவர்கள் பக்கவிளைவுக்காக மருந்தை நிறுத்தவில்லை. அப்படிச் சமாளித்துத் தொடர என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. எது சகஜம் என்பதை முதல் டோஸுக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

பிறந்த குழந்தைக்குக் கையில் போடும் டி.பி. தடுப்பூசியில் இருக்கும் அதே கிருமிதான் பிசிஜி. வீரியம் குறைக்கப்பட்டது, ஆனால் உயிருள்ளது. அதை மிக அதிக அளவில் 50 மி.லி. சலைனில் கலந்து மூத்திரப்பைக்குள் நேராக விடுகிறோம். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரண்டு வருகின்றன, பையின் உட்சுவர் வீங்கிச் சிவக்கிறது. நமக்கு வேண்டியதும் அந்தக் கொந்தளிப்புதான், எரிச்சலைத் தருவதும் அதுதான்.

வழக்கமாக, மருந்து ஏற்றிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தொல்லை ஆரம்பிக்கும். நீர்க்கடுப்பு, அரை மணிக்கு ஒரு முறை ஓட வேண்டிய அவசரம், அடிவயிற்றில் பிடிப்பு, லேசான ரத்தம், சதைத் துணுக்கு மாதிரி ஏதாவது வெளியே வருவது, குளிர் இல்லாத லேசான காய்ச்சல், உடம்பு அசதி. இவை 48 மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் மூன்று நாளில், அடங்கிவிட வேண்டும்.

வாரம் ஒன்றாக ஆறு டோஸ் ஏற்றுவார்கள். முதல் இரண்டு டோஸ் பெரும்பாலும் சும்மா போகும். மூன்றாவதிலிருந்துதான் சூடு பிடிக்கும். “போன ரெண்டு வாரமும் ஒண்ணுமே இல்லையே சிஸ்டர், இப்ப மட்டும் ஏன்?” என்று மூன்றாவது வாரம் பயந்துபோய் போன் செய்பவர்கள் நிறைய. உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கண்டு பழக அத்தனை நாள் ஆகிறது, அவ்வளவுதான். முதல் வாரத்தை வைத்து மற்ற வாரங்களைக் கணக்குப் போடாதீர்கள். மூன்றாவது டோஸ் விழும் வாரத்தில் கல்யாணம், வெளியூர்ப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இதற்கு நேர்மாறான கவலையும் உண்டு. “எரியவே இல்லை, மருந்து வேலை செய்யலையோ?” எரிச்சல் இல்லை என்பதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியது சிஸ்டோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு மூத்திரப்பையின் உள்ளே பார்க்கும் பரிசோதனை.

2. ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் ஆரம்பிப்பார்கள். உள்ளே புண் ஆறாமல் இருந்தால் உயிருள்ள கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். “சீக்கிரம் போட்டுருங்க, தள்ளிப்போடாதீங்க” என்று அவசரப்படுத்த வேண்டாம்.

சொல்லாமல் விட்டுவிடக் கூடாதவை: எப்போதாவது டி.பி. வந்ததா, வீட்டில் யாருக்காவது இருந்ததா, ஸ்டீராய்டு மாத்திரை, மூட்டுவாதத்துக்கான எதிர்ப்புசக்தி குறைக்கும் மருந்து, மாற்றுச் சிறுநீரகம், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, புராஸ்டேட் வீக்கம், கண்ணில் நீர் அழுத்தம், செயற்கை மூட்டு அல்லது இதய வால்வு. இவற்றில் சில இருந்தால் மருந்தே போடக் கூடாது, சிலவற்றுக்குக் கூடுதல் கவனம் தேவை, இன்னும் சில பின்னால் எந்த மாத்திரை தரலாம் என்பதை மாற்றும். ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். இதய நோயாளிக்கு அது எரிச்சலைவிடப் பெரிய ஆபத்து.

3. வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டியவை

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், சிறுநீரை அளக்க கோடு போட்ட பிளாஸ்டிக் கப், ரப்பர் ஷீட் ஒன்று, பேன்ட் மாதிரி போடும் பெரியவர்களுக்கான டயப்பர் சில, கையுறை, பாட்டில் ப்ளீச் திரவம், ஆண்களுக்கு ராத்திரி கட்டிலடியில் வைக்க யூரின் பாட். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு சிறு விளக்கு. ராத்திரி இருட்டில் ஓடி வழுக்கி இடுப்பை உடைத்துக்கொள்ளும் ஆபத்து பெரியவர்களுக்கு நிஜமானது. இந்த விளக்கைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு நோட்டு. நேரம், வந்த அளவு, எரிச்சல் பத்துக்கு எத்தனை, நிறம், காய்ச்சல், போட்ட மாத்திரை. இவ்வளவுதான். அடுத்த டோஸைப் போடலாமா, தள்ளலாமா, குறைக்கலாமா என்று டாக்டர் முடிவு செய்வது தொல்லை எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதை வைத்து. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. “பரவாயில்ல டாக்டர், கொஞ்சம் இருந்துச்சு” என்றுதான் வாயில் வரும்.

நோட்டுகூட வேண்டாம். ஒரு அம்மா தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவார். “ராத்திரி 1.10, ரோஸ் மில்க் நிறம். 2.40, வெளிர் சிவப்பு. காலை 6, மஞ்சள்தான்.” அதைப் பார்த்ததும் ரத்தம் ஒரே ராத்திரியில் நின்றுவிட்டது என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய வீட்டுக்காரரைக் கேட்டபோது சொன்ன பதில், “ரத்தம் போயிக்கிட்டே இருக்கு.”

4. அன்று காலை: தண்ணீரைக் குறையுங்கள்

மருந்து ஏற்றுவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர், டீ, காபி, மோர் எல்லாவற்றையும் குறைத்துவிடுங்கள். இதற்கு இரண்டு காரணம். உள்ளே சிறுநீர் சேர்ந்தால் மருந்து நீர்த்துவிடும். பை சீக்கிரம் நிறைந்து இரண்டு மணி நேரம் பிடிக்க முடியாமல் போகும்.

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது. எரிச்சல் வரக் கூடாது என்று முன்னெச்சரிக்கையாகக் காலையிலேயே இளநீர், பார்லித் தண்ணீர், நெருஞ்சில் கஷாயம் எல்லாம் குடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். எல்லாமே சிறுநீரைப் பெருக்குபவை. இவற்றை எப்போது குடிக்கலாம் என்று பின்னால் சொல்கிறேன். இந்தக் காலை நேரத்தில் வேண்டவே வேண்டாம். பி.பி.க்காக நீர் பிரியும் மாத்திரை போடுபவர்கள் அன்று ஒரு நாள் அதைப் பிற்பகலுக்கு மாற்றலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு லேசாக இருக்கட்டும், இரண்டு இட்லி போதும். சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றோடு வரக் கூடாது. மலச்சிக்கல் இருந்தால் முந்தின நாளே சரி செய்துகொள்ளுங்கள். நிறைந்த குடல் பையை அழுத்தி அவசரத்தைக் கூட்டும்.

காய்ச்சல், கண்ணுக்குத் தெரியும் ரத்தம், கடுமையான எரிச்சல் இருந்தால் புறப்படும் முன் போன் செய்யுங்கள். கலக்கிய மருந்தை எடுத்து வைக்க முடியாது. நீங்கள் வந்து படுத்த பிறகு “நேத்திலிருந்து காய்ச்சல்” என்று சொன்னால் ஒரு குப்பி வீணாகும்.

5. டியூப் போடும்போதும், மருந்து உள்ளே இருக்கும் இரண்டு மணி நேரமும்

மெல்லிய டியூப்தான், ஜெல் தடவித்தான் போடுவோம். உடம்பை இறுக்கினால் வலிக்கும். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். டியூப் போடும்போது ரத்தம் வந்தால் அன்றைக்கு மருந்தை நிறுத்திவிடுவார்கள். “இவ்வளவு தூரம் வந்தாச்சு, போட்டு விட்டுருங்க” என்று வற்புறுத்தும் குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ரத்தம் வருகிற காயத்தின் வழியே கிருமி ரத்த ஓட்டத்தில் இறங்குவதுதான் இந்த சிகிச்சையின் மிக ஆபத்தான விளைவு. ஒரு வாரம் தள்ளிப்போனால் சிகிச்சை கெட்டுவிடாது.

மருந்து உள்ளே போனதும் டியூபை எடுத்துவிடுவோம். இரண்டு மணி நேரம் பிடித்து வைக்க வேண்டும். சில ஆஸ்பத்திரிகளில் கால் மணிக்கு ஒரு முறை புரண்டு படுக்கச் சொல்வார்கள், சில இடங்களில் நடமாடலாம் என்பார்கள். உங்கள் இடத்தில் சொல்வதைக் கேளுங்கள், இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

அடக்க முடியாத அவசரம் வந்தால் எழுந்து ஓடாதீர்கள். உட்காருங்கள், கீழே இருக்கும் தசையை நாலைந்து முறை சுருக்கி விடுங்கள், வேறு எதையாவது பேசுங்கள். அந்த அலை ஒரு நிமிடத்தில் தணியும். முடியவே முடியவில்லையா, போய்விட்டு வந்து நர்ஸிடம் நேரத்தைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் வெளியேறிவிடுகிறது என்று தெரிந்தால் அடுத்த முறை பையின் பிடிப்பைத் தளர்த்தும் மாத்திரையை முன்கூட்டியே கொடுக்கலாமா என்று டாக்டர் யோசிப்பார்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கவும் கூடாது. “இன்னும் அரை மணி வெச்சிருந்தா நல்லா வேலை செய்யும்ல?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மிக ஒழுங்கான, கண்டிப்பான ஆட்கள். கூடுதல் நேரத்தால் பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும்.

6. முதல் ஆறு மணி நேரம்: கழிப்பறையும் ப்ளீச்சும்

முதல் முறை ஆஸ்பத்திரியிலேயே போய்விடுங்கள். ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும். நின்றால் தெறிக்கும், தெறிப்பதில் உயிருள்ள கிருமி இருக்கிறது.

அடுத்த ஆறு மணி நேரம் வீட்டில் ஒவ்வொரு முறை போன பிறகும், வந்த சிறுநீரின் அளவுக்கு ஈடாக ப்ளீச் திரவத்தை ஊற்றி, 15 முதல் 20 நிமிடம் விட்டு, பிறகு தண்ணீர் விடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் மூடியை மூடிவிடுங்கள். ஃபினாயில் இதற்கு மாற்றாகாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை, இதை வீட்டில் பாத்ரூம் கழுவுபவரிடமும் சொல்லுங்கள். ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் ப்ளீச்சையும் ஒன்றாக ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சிறிய பாத்ரூமில் மூச்சு அடைத்துவிடும். “ரெண்டும் சேர்ந்தா இன்னும் சுத்தமாகும்” என்ற நல்லெண்ணத்தில்தான் இந்த விபத்து நடக்கிறது.

பிறகு கை, பிறப்புறுப்பு, தொடை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோலில் தங்கும் மருந்தே அரிப்பையும் எரிச்சலையும் தரும். துணியில் பட்டால் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ எதிர்ப்புசக்தி குறைந்தவரோ இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விடாதீர்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து ஏற்றிவிட்டு உடனே மூன்று மணி நேர பஸ் பயணம் செய்வது வேதனை. பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டிவரும், ப்ளீச்சுக்கு எங்கே போவது? முடிந்தால் அன்று ராத்திரி சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். முடியாது என்றால் ஆஸ்பத்திரியிலேயே இரண்டு மூன்று முறை போய்விட்டு, டயப்பர் போட்டுக்கொண்டு காரில் போங்கள்.

தாம்பத்தியம் பற்றி யாரும் வாய் திறந்து கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மருந்து ஏற்றிய பிறகு இரண்டு நாள் வேண்டாம். அதன் பின் சிகிச்சை நடக்கும் காலம் முழுக்க ஆணுறை அவசியம்.

7. முதல் இரண்டு நாள்: தண்ணீர், வெந்நீர், ஓய்வு

இரண்டு மணி நேரம் முடிந்து முதல் முறை போன உடனே தண்ணீர்க் கட்டுப்பாடு முடிந்தது. இப்போது குடியுங்கள். இதயம், சிறுநீரகப் பிரச்சினை இல்லாதவர்கள் நாளுக்கு இரண்டரை லிட்டர் வரை, கொஞ்சம் கொஞ்சமாக. “குடிச்சா போகணும், போனா எரியுது” என்று பலர் தண்ணீரையே நிறுத்திவிடுகிறார்கள். அப்போது சிறுநீர் கெட்டியாகி அதே புண் மேல் இன்னும் காரமாகப் படும். ரத்தம் இருந்தால் கட்டியாகி அடைத்தும் கொள்ளும். படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

பார்லித் தண்ணீர், உப்புக் குறைந்த நீர்மோர், இளநீர் எல்லாம் இப்போது குடிக்கலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் பலவீனமானவர்கள் கேட்டுவிட்டுக் குடியுங்கள். காபி, ஸ்ட்ராங் டீ, எலுமிச்சை ஜூஸ், சோடா, காரக் குழம்பு, மது ஆகியவற்றை மூன்று நாள் தள்ளி வையுங்கள். காபி இல்லாமல் தலைவலி வருபவர்கள் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புகை பிடிப்பவர்கள் அதை விட்டே ஆக வேண்டும்; மூத்திரப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணமே அதுதான்.

அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைத்தால் பிடிப்பு தளரும். இடுப்பளவு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்காரலாம். சர்க்கரையால் உணர்வு மரத்துப்போனவர்களுக்குச் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எரிச்சல் என்றாலே “உடம்பு சூடு” என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்போம். வையுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வையுங்கள். 48 மணி நேரம் தாண்டியும் குறையவில்லை என்றால் அது எண்ணெயில் தீரும் சூடு இல்லை, போன் செய்ய வேண்டும்.

8. மாத்திரைகள்: எது எதற்கு

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாராசிட்டமால். போடுவதற்கு முன் காய்ச்சலை அளந்து எழுதுங்கள். ஆறு மணிக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டே இருந்தால் நிஜமான காய்ச்சல் மறைந்துவிடும், நாங்கள் கவனிக்க வேண்டியதே அதுதான். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை டாக்டர் எழுதினால் மட்டும் போடுங்கள். வயதானவர்களின் சிறுநீரகத்தை அவை பாதிக்கும்.

கடுப்புக்கு ஃபெனசோபைரிடின் தருவார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் வரும், வேட்டியிலும் கறை பிடிக்கும். அதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து வருபவர்கள் உண்டு, ரத்தத்தை இந்த நிறம் என்று நினைத்து விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டாவதுதான் ஆபத்து. சந்தேகம் இருந்தால் வெள்ளைக் கப்பில் பிடித்துப் பாருங்கள். சிவப்போ கட்டியோ தெரிந்தால் அது மாத்திரையின் நிறம் இல்லை. இந்த மாத்திரை ஓரிரு நாளுக்கு மட்டும்.

சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் சிட்ரேட் சிரப்பைப் பலர் வாங்கிக் குடிக்கிறார்கள். தண்ணீரில் கலந்துதான் குடிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரை சேர்க்காத வகையாகக் கேளுங்கள்.

அவசரத்துக்கும் பிடிப்புக்கும் ஃபிளாவாக்ஸேட், ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனாசின் போன்றவை. இவற்றில் வாய் உலரும், மலம் இறுகும். சில வயதானவர்களுக்குக் குழப்பம் வரும், ராத்திரி எழுந்து எங்கே இருக்கிறோம் என்று கேட்பார்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளலாம். இரண்டாவது படியில் புராஸ்டேட்டையும் கண் அழுத்தத்தையும் சொல்லச் சொன்னது இதற்காகத்தான். மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்கிறது, இந்தத் தொல்லைகள் குறைவு, ஆனால் பி.பி. ஏறலாம், பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில டாக்டர்கள் மருந்து ஏற்றி ஆறு மணி நேரம் கழித்து ஒன்று, பிறகு ஒன்று என்று ஆஃப்லாக்ஸசின் எழுதுவார்கள். பக்கவிளைவைக் குறைக்கிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். நேரம் முக்கியம், முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள். ஏன் என்பதை அடுத்த படியில் பாருங்கள்.

9. யூரின் ரிப்போர்ட்டில் ‘பஸ் செல்ஸ்’: எல்லோரும் விழும் பள்ளம்

இதைத்தான் அதிகம் பார்க்கிறோம். எரிச்சல் இருக்கிறது, தெருமுனை லேபில் யூரின் பரிசோதனை செய்கிறார்கள். “பஸ் செல்ஸ் ப்ளென்ட்டி”, அதாவது சீழ் அணுக்கள் ஏராளம், என்று ரிப்போர்ட் வருகிறது. பக்கத்து கிளினிக்கிலோ மெடிக்கல் ஷாப்பிலோ ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று ஆன்டிபயாட்டிக் தந்துவிடுகிறார்கள். ஐந்து நாள் போட்டுவிட்டு அடுத்த டோஸுக்கு வருகிறார்கள்.

இதில் இரண்டு தவறு இருக்கிறது. முதலாவது, பிசிஜி ஏற்றிய பெரும்பாலோருக்குச் சிறுநீரில் சீழ் அணுக்கள் இருக்கும். எதிர்ப்பு அணுக்களை அங்கே வரவழைப்பதுதானே மருந்தின் வேலையே? வாரக்கணக்கில் அவை இருக்கலாம். ரத்த அணுக்களும் இருக்கும். இதை வைத்து மட்டும் கிருமித் தொற்று என்று சொல்ல முடியாது. சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சர்தான் சொல்லும், அது வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

இரண்டாவது, பல ஆன்டிபயாட்டிக்குகள், குறிப்பாக சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் வகை, டி.பி. குடும்பக் கிருமிகளையும் தாக்கும். மருந்தாக உள்ளே விட்ட பிசிஜியையே அவை கொன்றுவிடலாம்.

அதனால் வரிசை இதுதான்: எரிச்சல் மூன்று நாளைத் தாண்டினால் முதலில் கல்ச்சருக்குச் சாம்பிள் கொடுங்கள், பிறகு உங்கள் யூராலஜி டாக்டரிடம் பேசுங்கள், அவர் சொன்னால் ஆன்டிபயாட்டிக். முதல் மாத்திரை போட்ட பிறகு சாம்பிள் கொடுத்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம், பிறகு எதையும் தீர்மானிக்க முடியாது. நடுவில் வேறு டாக்டர் எதற்காவது, பல் பிடுங்கியதற்கோ சளிக்கோ, ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தாலும் அட்டையைக் கொண்டுவந்து காட்டுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. எந்தத் தொல்லையும் இல்லை, ரிப்போர்ட்டில் மட்டும் பஸ் செல்ஸ் இருக்கிறது என்றால் அதற்காக அடுத்த டோஸை நிறுத்த வேண்டியதில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

10. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல், அல்லது உடம்பு தூக்கிப்போடும் குளிர் நடுக்கம்: உடனே எமர்ஜென்சி, விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

101-க்கு மேல் காய்ச்சல் 24 மணி நேரமாக இறங்கவில்லை: அன்றே டாக்டரிடம்.

சிறுநீர் வரவே இல்லை, அடிவயிறு உப்பிக் கல்லாக இருக்கிறது, அல்லது ரத்தக் கட்டிகள் வருகின்றன: உடனே. டியூப் போட்டுக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும்.

இருமல், மூச்சுத் திணறல், கண் மஞ்சளாதல், கண் சிவந்து வலி, மூட்டு வீக்கம், உடம்பில் தடிப்பு, விதை வீங்கி வலிப்பது: இவை மூத்திரப்பையைத் தாண்டி விளைவு போயிருப்பதன் அடையாளம். அன்றே காட்டுங்கள்.

எமர்ஜென்சியில் ராத்திரி டியூட்டியில் இருப்பவர் உங்களை முன்பின் பார்த்திருக்க மாட்டார். “காய்ச்சல்” என்று மட்டும் சொன்னால் சாதாரணக் காய்ச்சலுக்கு வைத்தியம் நடக்கும். முதல் வார்த்தையே “மூத்திரப்பையில் பிசிஜி ஏற்றியிருக்கிறது, இந்தத் தேதியில்” என்று இருக்கட்டும். பிசிஜி கிருமி உடம்பில் பரவியிருந்தால் டி.பி. மருந்துகள் தேவைப்படும். அதிலும் பைரசினமைடு இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது, அதனால் வழக்கமான டி.பி. கலவையை அப்படியே கொடுத்தால் சரிவராது. தேதி, மருந்தளவு, எத்தனையாவது டோஸ், டாக்டரின் போன் நம்பர் எழுதிய ஒரு அட்டையைப் பர்ஸில் வைத்திருங்கள். சிகிச்சை முடிந்து வருஷங்கள் ஆனாலும் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் அந்த அட்டையைக் காட்டுங்கள். டி.பி.க்காகத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ டெஸ்ட் பாசிட்டிவ் வந்தாலும் இதைச் சொல்ல வேண்டும், பிசிஜியாலேயே அது அப்படி வரலாம்.

11. அடுத்த டோஸுக்கு முந்தின நாள்

நோட்டைத் திறந்து மூன்று கேள்வி கேளுங்கள். தொல்லை எப்போது நின்றது? இன்று எரிச்சல் இருக்கிறதா? கண்ணுக்குத் தெரிய ரத்தம் வருகிறதா?

இரண்டு மூன்று நாளில் எல்லாம் நின்றிருந்தால் போகலாம். இன்னும் எரிகிறது, அவசரம் குறையவில்லை, ரத்தம் தெரிகிறது என்றால் போன் செய்து சொல்லுங்கள். டோஸைத் தள்ளி வைப்பார்கள். வீங்கிய பையில் அடுத்த டோஸை ஏற்றினால் எரிச்சல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். அப்படித் தொடர்ந்தால் கடைசியில் பை சுருங்கிக் கொள்ளளவையே இழக்கலாம். அரிதுதான், ஆனால் திரும்பாத சேதம்.

மறைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். “சொன்னா நிறுத்திடுவாங்க, நோய் திரும்பிடும்” என்ற பயம். ஐயா, சொன்னால் டாக்டர் கையில் எத்தனையோ வழி இருக்கிறது: ஒரு வாரம் தள்ளலாம், மருந்தளவைக் குறைக்கலாம், இடைவெளியை மாற்றலாம், மாத்திரையை மாற்றலாம், கல்ச்சர் சுத்தமாக இருந்தும் எரிச்சல் அடங்கவில்லை என்றால் அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது. சொல்லாமல் வந்து படுத்தால் எங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

12. ஆறு வாரம் முடிந்த பிறகு

வாரம் ஒன்றாக ஆறு டோஸ் முடிந்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். சில வாரங்களில் சிஸ்டோஸ்கோபி பார்ப்பார்கள். அதன் பிறகு பராமரிப்பு டோஸ்: வழக்கமான அட்டவணையில் 3, 6, 12-ஆம் மாதங்களிலும், ஆபத்து அதிகமான நோய் என்றால் அரை வருஷத்துக்கு ஒரு முறையாக 36-ஆம் மாதம் வரையிலும், ஒவ்வொரு தடவையும் வாரம் ஒன்றாக மூன்று டோஸ்.

இடையில் மாதக்கணக்கில் ஓய்வு கிடைப்பதால் அடுத்த சுற்றின் முதல் டோஸ் எளிதாக இருக்கும் என்று நினைப்பார்கள். உடம்பு கிருமியை மறந்திருக்காது; இந்த முறை முதல் டோஸிலேயே எரியலாம். நோட்டை மறுபடி எடுங்கள், ப்ளீச் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள், தெர்மாமீட்டருக்கு பேட்டரி மாற்றுங்கள்.

இடைப்பட்ட மாதங்களில் அவசரம் மட்டும் பழக்கமாகத் தங்கிவிட்டால் பையைப் பழக்கலாம். எரிச்சல் முற்றிலும் அடங்கிய பிறகுதான், அதற்கு முன் வேண்டாம். ஒரு மணிக்கு ஒரு முறை போகிறீர்கள் என்றால் ஒரு மணி பத்து நிமிடம், அடுத்த வாரம் ஒன்றேகால் மணி என்று நீட்டுங்கள். அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று, தசையைச் சுருக்கி, அலை தணிந்ததும் நடந்து போங்கள். “எதுக்கும் இருக்கட்டும்” என்று வெளியே கிளம்பும் முன்பெல்லாம் போகும் வழக்கத்தையும் குறையுங்கள், அதனால் பை கொஞ்சம் நிறைந்தாலே கூப்பிடப் பழகிவிடும்.

சில மாதம் முயன்றும் ஒரு தடவைக்கு வரும் அளவு கூடவே இல்லை என்றால், அளவுக் கப்பில் பிடித்த இரண்டு நாள் கணக்கோடு டாக்டரைப் பாருங்கள்.